வெயிலில் நிற்பவருக்கும் ஒளி மருத்துவம்

(செஞ்சியில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



செஞ்சிக்குப் பேச வருகிறவர்கள் மலையைப் பற்றிப் பேசாமல் போவதில்லை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர் காலப் படை அரண்கள் என்று பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்ற ஒரே கோட்டை, இந்த மலை மேல் நிற்கிற நம்முடைய கோட்டை. பெருமைதான். ஆனால் இன்று நான் பேச வந்திருப்பது அந்த மலையைப் பற்றி அல்ல. அந்த மலை அடிவாரத்தில் அடிக்கிற வெயிலைப் பற்றி. அந்த வெயிலில் நின்று உழைக்கிறவர்களுக்கு வருகிற ஒரு நோயைப் பற்றி. அந்த நோய்க்கு ஒளியையே மருந்தாக்கும் ஒரு சிகிச்சையைப் பற்றி.

நான் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன், மருத்துவன் அல்லன். ஆகவே மருந்து எழுதித் தர மாட்டேன். ஒளி என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை மட்டும் சொல்வேன்.

ஒளியைக் கொண்டு புற்றுநோய்க் கட்டியை அழிக்க முடியுமா? முடியும். நாற்பது ஐம்பது ஆண்டுகளாகச் செய்து வருகிறார்கள். அந்தச் சிகிச்சையை மல்லாட்டை பிடுங்கப் போகிற ஒரு பெண்ணுக்கு, கல் உடைக்கப் போகிற ஓர் ஆளுக்கு, விற்பனைக் கமிட்டியில் மூட்டை தூக்குகிற ஒருவருக்குக் கொடுக்க முடியுமா? இன்றுள்ள நிலையில் கடினம். அந்தத் தடையை நானோ தொழில்நுட்பம் நீக்குமா? இந்த மூன்றாவது கேள்விக்காகத்தான் உங்கள் மாலைப் பொழுதைக் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

முதலில் நோயைப் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-ஆம் ஆண்டுக்குக் கொடுத்த கணக்கின்படி, இந்தியாவில் ஓராண்டில் புதிதாகப் புற்றுநோய் கண்டவர்கள் 14 லட்சத்துக்கும் மேல். அதில் உதடும் வாயும் சேர்ந்த புற்றுநோய் மட்டும் ஏறத்தாழ 1 லட்சத்து 43 ஆயிரம். ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் வாய்க்குத்தான். ஏன் வாய்? பதில் உங்களுக்கே தெரியும். வெற்றிலை பாக்கோடு சேரும் புகையிலை, கடையில் மறைத்து விற்கும் பொட்டலம், பீடி, சாராயம். கன்னத்தின் உள்பக்கம் ஒதுக்கி வைத்த புகையிலை அந்த இடத்திலேயே வேலையைக் காட்டுகிறது. முதலில் ஒரு வெள்ளைத் திட்டு. பிறகு ஆறாத புண். பிறகு வாயைத் திறக்க முடியாமை. வலிக்காத வரை யாரும் காட்டுவதில்லை. வலிக்கும்போது காலம் கடந்திருக்கிறது.

நமக்குச் சிகிச்சை இல்லாமல் இல்லை. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, விடாமல் போராடி 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கினார். காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரில் அரசு மருத்துவமனை இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மர் நமக்குப் பக்கம். அறுவை, கீமோ, நாம் "கரண்ட் வைப்பது" என்று சொல்கிற கதிர்வீச்சு, இந்த மூன்றும்தான் இன்றைக்கும் உயிர் காக்கிற வழிகள். இதை நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் இனிப் பேசப் போவதைக் கேட்டுவிட்டு யாரும் அறுவையைத் தள்ளிப்போடக் கூடாது. ஆனால் நாக்கிலும் தாடையிலும் கத்தி வைத்தால் பேச்சு மாறுகிறது, சாப்பாடு மாறுகிறது, முகம் மாறுகிறது. வெட்டாமல் முடித்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! அந்த ஏக்கத்திலிருந்துதான் ஒளிச் சிகிச்சை மேல் மருத்துவர்களுக்கு ஆர்வம் வந்தது.

இன்னொன்றையும் தெளிவாக்கி விடுகிறேன். கரண்ட் வைப்பது வேறு, இது வேறு. கரண்டில் பாய்வது கண்ணுக்குத் தெரியாத, ஆற்றல் மிகுந்த எக்ஸ் கதிர். இதில் பாய்வது கண்ணுக்குத் தெரிகிற சிவப்பு ஒளி. கோயில் திருவிழாவில் தொங்குகிற சிவப்பு பல்பின் ஒளி எந்த இனமோ, அதே இனம்.

சிவப்பு ஒளி எப்படி உயிரணுவைக் கொல்லும்? அதைச் சொல்ல, ஜெர்மனியின் மூனிக் நகரத்துக்குப் போக வேண்டும். அங்கே ஆஸ்கர் ராப் என்கிற மருத்துவ மாணவர், ஹெர்மன் வான் டாப்பைனர் என்கிற பேராசிரியரிடம் ஆய்வு செய்துகொண்டிருந்தார். அக்ரிடின் என்கிற சாயத்தைத் தண்ணீரில் கலந்து, பள்ளிக்கூடத்தில் நாம் படித்த பாரமீசியம் என்கிற ஒற்றை உயிரணு உயிரியை அதில் விட்டு, எவ்வளவு நேரத்தில் சாகிறது என்று பார்த்தார். ஒரு நாள் சீக்கிரம் செத்தது. இன்னொரு நாள் நெடுநேரம் பிழைத்துக் கிடந்தது. அதே சாயம், அதே அளவு. பிறகு ஏன் வேறுபாடு? பிழைத்த நாளில் வானம் இருண்டு இடியும் மின்னலுமாக இருந்தது. வெளிச்சம் குறைவு! சாயம் மட்டும் கொல்லவில்லை. வெளிச்சம் மட்டும் கொல்லவில்லை. இரண்டும் சேர்ந்தபோது கொன்றது. 1900-இல் இதை அச்சில் வெளியிட்டார். 1903-இல் டாப்பைனர் இயோசின் என்கிற சாயத்தைத் தோல் கட்டியில் பூசி ஒளி காட்டிப் பார்த்தார். சாயமும் ஒளியும் சேர்ந்து வேலை செய்வதற்குத் தேவையான ஆக்சிஜன் என்கிற மூன்றாவது ஆளையும் டாப்பைனர் குழுவினரே கண்டுபிடித்தார்கள்.

மருந்தும் வெயிலும் சேர வேண்டும் என்கிற அறிவு நம் நாட்டிலும் பழையது. நாட்டு மருந்துக் கடையில் கார்போகரிசி கேளுங்கள், கொடுப்பார்கள். வெண்புள்ளிக்கு அதைக் கொடுத்து வெயில் காட்டச் சொல்வது நெடுங்கால வழக்கம். அதில் இருக்கிற சோராலென் இனத்தைச் சேர்ந்த ஒரு பொருளைத்தான் 1974-இல் மேலை நாட்டுத் தோல் மருத்துவர்கள் புற ஊதா ஒளியோடு சேர்த்துச் சொரியாசிசுக்குக் கொடுத்தார்கள். அது உயிரணுவில் வேலை செய்கிற விதம் வேறு. ஆகவே அதையும் இதையும் ஒன்றாக்கிப் பேச மாட்டேன்.

நாம் பேசுகிற சிகிச்சையில் நடப்பது இதுதான். ஒளியுணர் மருந்து ஒன்றை நோயாளிக்கு ஊசியாகவோ குடிக்கவோ கொடுக்கிறார்கள். அது இருட்டில் சும்மா கிடக்கும். கட்டியில் அது சேரும் வரை மணிக்கணக்கில், சில மருந்துகளுக்கு நாள்கணக்கில் காத்திருக்கிறார்கள். பிறகு மெல்லிய ஒளியிழை வழியாகக் கட்டியின் மேல் சிவப்பு ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். மருந்து ஒளியை விழுங்கி, அந்த ஆற்றலைப் பக்கத்தில் இருக்கிற ஆக்சிஜனுக்குக் கொடுக்கிறது. அந்த ஆக்சிஜன் சிங்லெட் ஆக்சிஜன் என்கிற வெறிகொண்ட வடிவத்துக்கு மாறி, தொட்டதையெல்லாம் சிதைக்கிறது. உயிரணுவின் சவ்வு கிழிகிறது. கட்டிக்குப் போகிற ரத்தக்குழாய் அடைபடுகிறது. ஒளியை அணைத்தால் எல்லாம் நின்றுவிடும்.

அமெரிக்காவில் பஃபலோ நகரத்து ராஸ்வெல் பார்க் நிலையத்தில் தாமஸ் டௌஹர்ட்டி 1978-இல் வெளியிட்ட முடிவுகள் உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தன. 25 நோயாளிகள், தோலிலும் தோலுக்கு அடியிலும் 113 கட்டிகள். அவற்றில் 111 கட்டிகள் முழுமையாகவோ ஓரளவுக்கோ சுருங்கின. 1993-இல் கனடாவும் 1995-இல் அமெரிக்காவும் ஃபோட்டோஃப்ரின் என்கிற முதல் ஒளியுணர் மருந்துக்கு அனுமதி கொடுத்தன. இந்தச் சிகிச்சையில் வெட்டு இல்லை, தழும்பு குறைவு, வேண்டுமானால் மறுபடியும் செய்யலாம், பிறகு கரண்ட் வைப்பதற்கும் தடை இல்லை.

இவ்வளவு நல்ல சிகிச்சை நம் ஊர் மருத்துவமனையில் ஏன் இல்லை?

கருவியின் விலை ஒரு காரணம். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. அதைப் புரியவைக்க இன்னொரு மனிதரின் கதையைச் சொல்கிறேன். ஃப்ரீட்ரிக் மெய்யர் பெட்ஸ் என்கிற ஜெர்மன் மருத்துவர் 1912-இல், ரத்தத்திலிருந்து எடுத்த ஹெமட்டோபார்ஃபிரின் என்கிற பொருளை 200 மில்லிகிராம் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார். பிறகு வெயிலில் போனார். முகமும் கையும் வீங்கிப்போய் ஆளே அடையாளம் தெரியாமல் ஆனார். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, மாதக்கணக்கில் அவரால் வெயில் தாங்க முடியவில்லை. ஏன்? மருந்து உடம்பெங்கும் பரவிவிட்டது. தோலிலும் தங்கிவிட்டது. தோலில் மருந்து, மேலே சூரியன், ரத்தத்தில் ஆக்சிஜன். மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

ஃபோட்டோஃப்ரின் எடுத்துக்கொண்டவருக்கும் இதே கட்டுப்பாடுதான். குறைந்தது 30 நாள் நேர் வெயில் படக்கூடாது. உடம்பை மூடும் உடை, கறுப்புக் கண்ணாடி, பளிச்சென்ற விளக்குக்கும் எச்சரிக்கை. வீட்டுக்குள் மிதமான வெளிச்சம் கெடுதல் இல்லை, தேவையும்கூட. தோலில் கிடக்கிற மருந்து அதில்தான் மெல்ல மெல்லக் கரையும். ஆனால் வெயில் கூடாது.

லண்டனில் குளிர்காலத்தில் 30 நாள் வெயில் படாமல் இருப்பது பெரிய காரியமா? அலுவலக அறைக்குள் வேலை பார்க்கிறவருக்கு 30 நாள் பெரிய காரியமா? செஞ்சியில் சித்திரை மாதத்தில் களத்துமேட்டில் வேலை செய்கிறவருக்கு? ஓட்டு வீட்டுக்குள்ளும் கூரை இடுக்கு வழியாகக் கோடு கோடாக வெயில் விழுகிற வீட்டில் இருப்பவருக்கு? தண்ணீர் பிடிக்கத் தெருவுக்கு வர வேண்டும். கழிப்பறைக்கு வெளியே போக வேண்டும். வேலைக்குப் போனால்தான் கூலி. அவருக்கு 30 நாள் என்பது 30 நாள் கூலி இழப்பு, அதோடு ஒவ்வொரு நாளும் தோல் வெந்துபோகும் ஆபத்து. வெயிலில் வாழ்கிற மக்களுக்கு, வெயிலை எதிரியாக்குகிற மருந்து எப்படிப் பொருந்தும்?

பொருந்தாது. அப்படியானால் மாற்ற வேண்டியது மக்களை அல்ல, மருந்தை. மருந்து கட்டிக்குப் போகட்டும். தோலுக்குப் போகாமல் இருக்கட்டும். இதைச் சாதிக்கத்தான் நானோ வேண்டும் என்கிறேன்.

நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. உங்கள் தலைமுடியின் தடிமன் கிட்டத்தட்ட 80 ஆயிரம் முதல் ஒரு லட்சம் நானோமீட்டர். ரத்தச் சிவப்பணு ஒன்று சுமார் 7 ஆயிரம். நாம் பேசுகிற நானோத்துகள்கள் பெரும்பாலும் 50 முதல் 200. இது ஏதோ அயல்நாட்டு மாயம் என்று நினைக்க வேண்டாம். சென்னை ஐஐடியில் பேராசிரியர் பிரதீப்பும் அவர் மாணவர்களும் வெள்ளி நானோத்துகளைக் கொண்டு குடிநீரிலிருந்து பூச்சிக்கொல்லி எச்சத்தை நீக்கும் வழி கண்டு, அது வீட்டு வடிகட்டியாகக் கடைக்கே வந்தது.

சரி, அந்த அளவில் என்ன சிறப்பு? இங்கேதான் நம் கோட்டையைத் துணைக்கு அழைக்கிறேன். முகலாயப் படை 1690-இல் செஞ்சியை முற்றுகையிட்டது. 1698-இல்தான் பிடிக்க முடிந்தது. அவ்வளவு பெரிய படைக்கு ஏன் அத்தனை ஆண்டுகள்? கோட்டையின் இராஜகிரி மலை மதில் நிதானமாகக் கட்டிய மதில். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஆள் நுழைய வழி இல்லை. நம் உடம்பில் நல்ல ரத்தக்குழாயின் சுவர் அப்படிப்பட்டது. புற்றுநோய்க் கட்டியோ அவசரத்தில் வளர்கிறது. தனக்கு வேண்டிய ரத்தக்குழாயை அவசரத்தில் கட்டுகிறது. சுவரில் நூற்றுக்கணக்கான நானோமீட்டர் அகலத்துக்கு ஓட்டைகள். நூறு நானோமீட்டர்த் துகள் நல்ல குழாயில் வெளியேற முடியாமல் ஓடிக்கொண்டே இருக்கும். கட்டிக்கு வந்ததும் ஓட்டை வழியாக உள்ளே இறங்கிவிடும். கட்டியில் வடிகால் நாளங்களும் சரியாக இல்லாததால் அங்கேயே தங்கிவிடும். 1986-இல் ஜப்பானில் குமமோட்டோ பல்கலைக்கழகத்தில் ஹிரோஷி மயேதாவும் யாசுஹிரோ மட்சுமுராவும் இதைக் கண்டு சொன்னார்கள்.

அளவு மட்டுமா? இல்லை. ஒளியுணர் மருந்துகள் பலவும் எண்ணெய்க் குணம் உள்ளவை, தண்ணீரில் கரையாது. ரத்தத்தில் விட்டால் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கட்டி கட்டியாகிவிடும். அப்படி ஒட்டிக்கொண்ட மருந்து ஒளியை விழுங்கினாலும் ஆக்சிஜனைத் தூண்டாது, ஆற்றல் வீணாகிப்போகும். லைப்போசோம் என்கிற கொழுப்புக் குமிழிக்குள் வைத்தால் மருந்து பிரிந்து பிரிந்து நிற்கிறது, வேலை செய்கிறது. இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. வெர்ட்டெபோர்ஃபின் என்கிற ஒளியுணர் மருந்தை லைப்போசோமில் வைத்து 2000-ஆம் ஆண்டில் கண் விழித்திரை நோய்க்கு அனுமதித்தார்கள். நம் சென்னையிலும் மதுரையிலும் உள்ள கண் மருத்துவமனைகளில் அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அந்த மருந்துக்கு வெயில் கட்டுப்பாடு எத்தனை நாள் தெரியுமா? ஐந்து நாள். 30 எங்கே, 5 எங்கே! அந்த மூலக்கூறே உடம்பை விட்டுச் சீக்கிரம் வெளியேறும் குணம் உடையது என்பதும் இதற்குக் காரணம். அது கண்ணுக்கான மருந்து, புற்றுநோய்க்கு அல்ல. என்றாலும் வழி திறந்திருக்கிறது என்பதற்கு அது சாட்சி.

இன்னொரு நுட்பம். சிங்லெட் ஆக்சிஜன் பிறந்த இடத்திலிருந்து சில பத்து நானோமீட்டருக்கு மேல் போக முடியாது. அதற்குள் அது அணைந்துவிடும். ஓர் உயிரணுவின் குறுக்களவே பத்தாயிரம் நானோமீட்டருக்கு மேல். அப்படியானால் மருந்து உயிரணுவின் வாசலில் நின்றால் போதாது. உள்ளே, சரியான அறைக்குள் போக வேண்டும். நானோத்துகளின் மேல் அந்தப் புற்றணுவுக்கே உரிய அடையாளத்தைப் பிடிக்கிற மூலக்கூறுகளை ஒட்டிவைக்கலாம் என்பதால் ஆய்வாளர்கள் அதன் பின்னால் போகிறார்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு, கசப்பான ஓர் எண்ணையும் சொல்லாமல் போனால் அது உங்களுக்குச் செய்யும் துரோகம். 2016-இல் கனடாவின் டொரண்டோ பல்கலைக்கழகத்தில் வாரன் சான் குழுவினர், முந்தைய பத்தாண்டில் வந்த 117 ஆய்வுக் கட்டுரைகளை எடுத்துக் கணக்குப் பார்த்தார்கள். விலங்குகளின் உடம்பில் ஏற்றிய நானோத்துகளில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது எத்தனை? நடுமதிப்பு 0.7 சதவீதம். ஆயிரம் துகள் ஏற்றினால் ஏழு! மீதி? பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன. எலிக்கு நடந்ததை மனிதனுக்கு நடந்ததாகத் தலைப்புப் போட்டு "புற்றுநோய்க்கு முடிவு" என்று எழுதுகிற செய்திகளைப் படிக்கும்போது இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். நானோ தோற்றுவிட்டது என்று நான் இதற்குப் பொருள் சொல்ல மாட்டேன். ஒளிச் சிகிச்சைக்கு இதில் ஒரு தனி ஆறுதல் உண்டு: கல்லீரலில் தங்கிய ஒளியுணர் மருந்தின் மேல் ஒளி படப்போவதில்லை. தோலில் தங்காமல் இருந்தால் நமக்குப் பாதி வெற்றி.

அடுத்த தடை ஆழம். இப்போதே ஒரு சோதனை செய்யுங்கள். கைபேசியில் இருக்கிற விளக்கைப் போட்டு விரலால் மூடுங்கள். விரல் சதை வழியாக என்ன நிறம் தெரிகிறது? சிவப்பு. வெள்ளை ஒளியில் இருந்த நீலமும் பச்சையும் எங்கே போயின? ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபின் விழுங்கிவிட்டது. சிவப்பு மட்டும் தப்பி வந்தது. அந்தச் சிவப்பும் கட்டிக்குள் சில மில்லிமீட்டர்தான் போகும். கன்னத்து மேல்பரப்பில் இருக்கிற திட்டுக்குப் போதும். ஆழத்தில் இறங்கிவிட்ட கட்டிக்குப் போதாது. சிவப்புக்கு அடுத்து, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளி இன்னும் ஆழமாகப் போகும். ஆனால் பழைய மருந்துகளுக்கு அந்த ஒளியை விழுங்கத் தெரியாது. என்ன செய்வது?

இங்கே சிங்கப்பூர் வழி காட்டியது. தேசியப் பல்கலைக்கழகத்தின் ஜாங் யோங் குழு 2012-இல் நேச்சர் மெடிசின் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. இட்டெர்பியம், எர்பியம் போன்ற அருமண் தனிமங்கள் கலந்த நானோத்துகள், 980 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியை விழுங்கி, கண்ணுக்குத் தெரிகிற ஒளியாகத் திருப்பிக் கொடுக்கிறது. துகளின் மேலே சிலிக்கா உறை. அந்த உறையின் துளைகளில் ஒளியுணர் மருந்து. அகச்சிவப்பு ஆழமாகப் போகிறது. துகள் அங்கேயே மருந்துக்கு வேண்டிய விளக்கை ஏற்றுகிறது. எலிகளில் கட்டி வளர்ச்சி குறைந்தது. அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் முத்துக்குமார ஞானசம்மந்தன் என்கிற பெயரும் இருக்கிறது. இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற பிளஸ் டூ மாணவர்கள் அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழி தங்கம். மருந்தே வேண்டாம், ஆக்சிஜனே வேண்டாம், வெப்பத்தாலேயே கட்டியைக் கொல்வோம் என்கிற வழி. அமெரிக்காவில் ரைஸ் பல்கலைக்கழகத்தில் நவோமி ஹாலஸும் ஜெனிஃபர் வெஸ்ட்டும், நடுவே சிலிக்கா, மேலே மெல்லிய தங்கத் தோல் என்று 150 நானோமீட்டர்க் குண்டுகளை உருவாக்கினார்கள். தங்கத் தோலின் தடிமனை மாற்றினால் அது விழுங்குகிற ஒளியின் நிறமும் மாறும். அண்மை அகச்சிவப்புக்குப் பொருத்தி, 2003-இல் எலியின் கட்டியைச் சுட்டுக் காட்டினார்கள். அங்கிருந்து மனிதரில் கிடைத்த முடிவு அச்சில் வர 16 ஆண்டுகள். 2019-இல் நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவமனையில் ஆண்களின் புராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய்க்கு 16 பேருக்குத் தொடங்கி 15 பேருக்கு வெற்றிகரமாகச் செய்து முடித்ததாக முடிவு வெளியானது. சிறுநீர்க் கட்டுப்பாடும் ஆண்மையும் குறிப்பிடத்தக்க அளவில் கெடவில்லை.

தங்கம் என்றதும் உங்கள் மனத்தில் எழுகிற கேள்வி எனக்குப் புரிகிறது. உடம்பில் போட்ட தங்கம் எங்கே போகும்? மும்பை ஐஐடி இந்தக் கேள்வியைத்தான் கையில் எடுத்தது. ரோஹித் ஸ்ரீவாஸ்தவாவும், டாடா நினைவு மையத்தின் ஆய்வு நிலையத்தில் அபிஜித் டேயும் வழிகாட்ட, அரவிந்த் குமார் ரெங்கன் என்கிற ஆய்வாளரை முதல் ஆசிரியராகக் கொண்டு 2015-இல் நேனோ லெட்டர்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. கெட்டியான சிலிக்காவுக்குப் பதிலாக லைப்போசோம் குமிழி. அதன் மேல் தங்கம். லேசர் பட்டதும் சூடாகிக் கட்டியைக் கொல்கிறது. பிறகு கல்லீரல் அணுக்களில் உடைந்து சிறுநீரகம் வெளியேற்றக்கூடிய சின்னத் துணுக்குகளாகிறது. இதுவும் எலியில்தான். ஆனால் வேலை முடிந்த மருந்து வெளியேற வேண்டும் என்று முதலிலேயே கவலைப்பட்டது என் மனத்துக்கு நெருக்கமாக இருக்கிறது.

கட்டிக்குள் ஆக்சிஜன் பற்றாக்குறை என்கிற தடையும் உண்டு. மாங்கனீசு டை ஆக்சைடு நானோத்துகள் கட்டியில் இருக்கிற ஹைட்ரஜன் பெராக்சைடை உடைத்து அங்கேயே ஆக்சிஜன் தரும் என்று ஆய்வுகள் நடக்கின்றன. அது இன்னும் ஆய்வுக்கூட எல்லையைத் தாண்டவில்லை, ஆகவே அதில் நான் நிற்கப் போவதில்லை.

மஞ்சளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை, ஏனென்றால் எங்கே பேசினாலும் கேட்கிறார்கள். மஞ்சளில் இருக்கிற குர்குமின் நீல ஒளியை விழுங்குகிற ஒளியுணர் பொருள். தண்ணீரில் கரையாது, நானோ வடிவில் தந்தால் உயிரணுவுக்குள் கூடுதலாகப் போகிறது. இதெல்லாம் உண்மை. ஆனால் மஞ்சள் பாலைக் குடித்துவிட்டு வெயிலில் நின்றால் புற்றுநோய் போகும் என்று யாராவது சொன்னால், அவர் உங்கள் உயிரோடு விளையாடுகிறார்.

இப்போது நான் மிகவும் மதிக்கிற ஒரு முயற்சிக்கு வருகிறேன். அது நடந்த இடம் அமெரிக்கா இல்லை. உத்தரப் பிரதேசத்தின் அலிகார். அங்கே அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் ஜவாஹர்லால் நேரு மருத்துவக் கல்லூரியும், பாஸ்டன் நகரத்து மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையும், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்தன. லட்சக்கணக்கில் விலையுள்ள லேசரை ஓரமாக வைத்துவிட்டார்கள். பேட்டரியில் ஓடுகிற எல்இடி விளக்கு. அந்தச் சிவப்பு ஒளியைக் கன்னத்தின் உள்பக்கம் கொண்டுபோக ஒளியிழை. வாய்க்குள் பொருந்துகிற மாதிரி முப்பரிமாண அச்சில் செய்த முனை. மின்தடை வந்தாலும் சிகிச்சை நிற்காது. நோயாளி குடிக்கிற மருந்தின் பெயர் அமினோலெவுலினிக் அமிலம். அது உடம்புக்குள் போய்ப் புற்றணுக்களில் கூடுதலாக ஒளியுணர் பொருளாக மாறுகிறது. ஊதா ஒளி காட்டினால் அந்தத் திட்டு சிவப்பாக ஒளிர்கிறது. கைபேசியில் பொருத்திய கருவியால் படம் எடுத்து, எங்கே வரை நோய் இருக்கிறது என்று எல்லை பார்க்கலாம். ஆரம்ப நிலை வாய்ப்புற்றுநோய் உள்ள 30 பேருக்குச் செய்தார்கள். பெரும்பாலோருக்குக் கட்டி மறைந்தது. நோய் வந்த திசு உதிர்ந்து நல்ல தோல் மூடியது.

கவனியுங்கள், இந்த மருந்துக்கு வெயில் கட்டுப்பாடு ஒன்றிரண்டு நாள்தான். அலிகாரில் வெயில் நம் வெயிலுக்குக் குறைந்ததா? அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? இதன் எல்லையையும் சொல்ல வேண்டும்: மேலோட்டமான, சிறிய திட்டுக்குத்தான் இது. ஆழத்துக்கு இறங்கியதற்கும், கழுத்தில் நெறிகட்டியதற்கும் இது போதாது. அந்த இடத்தில்தான் லைப்போசோமும், அகச்சிவப்பை ஒளியாக்கும் துகளும், தங்கமும் தேவைப்படுகின்றன.

ஆகவே நான் கேட்பது இது. நம் பல்கலைக்கழகங்களில் நானோ ஆய்வுக்குக் குறைவில்லை, கட்டுரைகளுக்கும் குறைவில்லை. அந்த ஆய்வாளர்களிடம், அவர்களுக்குப் பணம் தருகிறவர்களிடம் நாம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: உங்கள் துகளை ஏற்றிக்கொண்டவர் எத்தனை நாளில் வெயிலுக்குப் போகலாம்? கட்டி எவ்வளவு சுருங்கியது என்று எழுதுகிற பக்கத்திலேயே, தோலில் எவ்வளவு தங்கியது என்றும் எழுதுங்கள். எலியை இருட்டுக் கூண்டில் வைத்துச் செய்த ஆய்வு செஞ்சிக்குப் போதாது. விழுப்புரம் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது; திருவண்ணாமலையில் இருக்கிறது; ஜிப்மர் இருக்கிறது. மனிதரில் சோதனை நடக்கும் நாளில், வெயிலில் உழைக்கிற மக்கள் வாழ்கிற இந்த ஊர்களை அந்தச் சோதனையில் சேருங்கள். உரிய ஒப்புதலோடு, உரிய பாதுகாப்போடு, அவர்கள் வீட்டில் இருக்கிற நாளுக்குக் கூலி கொடுத்துச் சேருங்கள். கூலியையும் சிகிச்சைச் செலவில் ஒரு பகுதியாகக் கணக்கிடுங்கள்.

பேச்சின் நடுவே ஒரு துண்டுச் சீட்டு என் கைக்கு வந்தது. "இதெல்லாம் நம்ம ஊருக்கு எப்போது வரும், ஐயா?" என்று எழுதியிருக்கிறது. ஆண்டு சொல்ல என்னால் ஆகாது. வரிசை சொல்கிறேன். அமினோலெவுலினிக் அமிலமும் பேட்டரி விளக்கும் முதலில் வர முடியும். அதற்குப் பெரிய கட்டடம் வேண்டாம், பயிற்சி பெற்ற பல் மருத்துவரும் வாய் அறுவை மருத்துவரும் வேண்டும். லைப்போசோமில் வைத்த மருந்துகள் அதற்கு அடுத்து. கண் மருத்துவத்தில் பழகிய கை நமக்கு இருக்கிறது. தங்கம் என் கணிப்பில் கடைசி.

ஆனால் இவற்றில் எது வந்தாலும் நோய் சிறியதாக இருக்கும்போது பிடிபட்டவருக்கே பயன்படும். அப்படிச் சீக்கிரம் பிடிக்க, திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் தொடங்கி, பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிக் கண்ணால் பார்த்தார்கள். விளக்கும் கண்ணும் தவிர வேறு கருவி இல்லை. 2005-இல் லான்செட் இதழில் முடிவு வந்தது: புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்றுநோய்ச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. சீட்டு எழுதியவர் யாரோ, உங்கள் வீட்டில் புகையிலை போடுகிறவர் இருந்தால், கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் ஓரம், நாக்குக்கு அடிப்பக்கம் மூன்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளையாகவோ சிவப்பாகவோ தேய்த்தாலும் போகாத திட்டு இருந்தால், இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண் இருந்தால், நாளைக் காலையிலேயே செஞ்சி அரசு மருத்துவமனையில் சீட்டு வாங்கி வாயைக் காட்டுங்கள். சதைப் பரிசோதனை வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் தள்ளிப்போடாமல் போய் எடுத்துக்கொள்ளுங்கள்.